பேஸ் அண்ணன் பாடிய கேசட்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். கணவர் சொல்வார், பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த டீச்சர்மார் சொன்னார்கள், திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டுப் பாடும் கானமேளா குழுவில் நான் இருந்த பன்னிரண்டு வருடமும் அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். நானும் அதை ஒரு பெருமை மாதிரித்தான் தூக்கிக்கொண்டு அலைந்தேன், போன மாசி மாதம் கொட்டாரம் என்கிற ஊருக்குப் போய்வந்த நாள்வரைக்கும்.

கொட்டாரத்தில் எங்கள் குழுவின் பேஸ் கிட்டார்காரர் இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். குழுவில் எல்லோருக்கும் அவர் பேஸ் அண்ணன். கோவில் கொடையோ சர்ச் திருவிழாவோ, எங்கே மேடை போட்டாலும் முன்னால் நின்று பட்டுச்சேலையும் மைக்குமாக மினுக்குகிறவள் நான். அவர் டிரம்ஸுக்குப் பக்கத்தில் வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து நிற்பார். கைதட்டு வரும்போதும் குனிந்து கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கோரஸுக்குக்கூட வாய் திறந்தது இல்லை.

அவருக்குப் போன வருடம் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆள் நன்றாகத் தேறிவிட்டார். கழுத்தில் ஒரு சின்னத் துணி கட்டியிருக்கிறார், அவ்வளவுதான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போனில் பெரிய எழுத்தில் அடித்து நம் மூக்குக்கு நேரே நீட்டுவார். நான் போன அன்றைக்கு முதலில் நீட்டியது, "நீ இன்னும் தடிச்சுப்போனே." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆள் மாறவில்லை.

புறப்படும்போது அவருடைய மகள் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். ஒரே மகள். நாகர்கோவிலில் வேலை பார்க்கிறாள். தாய் இறந்து ஐந்தாறு வருடமாகிறது. பஸ் வரக் காணோம். அவள் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"மாமி, அப்பா பாட்டு படிச்ச கேசட்டு எதாவது உங்க கைல இருக்கா?"

"உனக்க அப்பா எங்க மக்ளே படிச்சாரு? அவரு பேஸ் வாசிக்கதுக்கு வந்த ஆளு."

"கல்யாணத்துக்கு முன்ன நல்லா படிப்பாருன்னு அம்மா சொல்லும். நான் ஒருநாளும் கேட்டதில்ல. பேசின சத்தம் வாட்ஸ்அப்புல கெடக்கு. 'வரும்போ பால் வாங்கிட்டு வா', 'வாசல் கேட்ட பூட்டுனியா', இதான். அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கேன். ஒரே ஒரு பாட்டு இருந்தா..."

பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட் எடுத்த பிறகுதான் எனக்கு அந்தக் கேசட் ஞாபகம் வந்தது. கண்டக்டர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் ஷார்ஜாவில் வேலை பார்த்தார். என் கணவரும் அப்போது கல்ஃபில்தான். அந்தக் காலத்தில் அங்கிருந்து கடிதம் எழுதுகிறவர்களைவிட பேசி அனுப்புகிறவர்கள் அதிகம். கேசட்டில் ஒரு மணி நேரம் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். கொண்டுவருகிறவர் பெட்டியில் இடம் காணாது என்று டப்பாவையும் அட்டையையும் கழற்றி வீசிவிட்டு, கேசட்டை மட்டும் லுங்கிக்கு நடுவில் செருகிக்கொண்டு வருவார். 'இது இன்னார் வீட்டுக்கு' என்று ரப்பர் பேண்டு போட்ட துண்டுச்சீட்டு ஒன்று இருக்கும். அப்படித்தான் ஒருநாள், 'குழுவுக்கு. நானே எழுதி நானே பாடினது. கேட்டுச் சொல்லுங்கோ' என்ற சீட்டோடு அண்ணனின் கேசட் வந்தது.

எங்களுக்கு ஒரே ஆச்சரியம். பேஸ் அண்ணன் பாடினாரா! மத்தியானம் நிகழ்ச்சிக்குப் புறப்பட்ட வேனிலேயே டிரைவரிடம் கொடுத்துப் போடச் சொன்னோம். ஓடியது. பாட்டா அது? ஏதோ ஒன்று அடிவயிற்றிலிருந்து 'ம்ம்ம்ஓஓஓ' என்று இழுத்து இழுத்து முனகுகிறது. கூடவே டொம்... டொம்... என்று ஏதோ இடி. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான்தான் ஆரம்பித்தேன்.

"இது பாட்டா, கிணத்துல விழுந்த எருமையா?"

வேனே குலுங்கியது. கீபோர்டு வாசிக்கிறவர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். மறுபக்கம் அதைவிட விசேஷம். 'ஸூஉஉலா... யஹ்ஹ்ஹாம்...' என்று புரியாத பாஷை. "அரபில படிச்சிருக்காரு டோய்! ஆளு ஷேக்காயாச்சு!" என்று ஒருவர் கத்த, தக்கலை தாண்டும்வரை யாரும் சிரிப்பை நிறுத்தவில்லை. கல்ஃபிலிருந்து வந்த கேசட், புரியாத பாஷை, அப்படியானால் அரபிதானே என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். ஒருவருக்குமே அதில் சந்தேகம் வரவில்லை. நாங்கள் பாட்டுக்காரர்களாம்!

ஆறு மாதம் கழித்து அவர் லீவில் வந்தார். மேடைக்குப் பின்னால் கம்பிக்குச் சுருதி சேர்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தக் கேசட்டு கேட்டியளா?"

"கேட்டோம் அண்ணே. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு. இனி இந்த வேலைக்கு நிக்காதிய."

அவரும் சிரித்தார். "செரி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு குழு கலைகிறவரை வேனில் நாங்கள் எல்லோரும் தொண்டை கிழியக் கத்தினாலும் அவர் முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்லை. அது ஏன் என்று முப்பது வருடமாக எனக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து கைகால்கூடக் கழுவாமல் நாற்காலி போட்டு பீரோவுக்கு மேலே கைவிட்டேன். பழைய பிஸ்கட் டின் ஒன்று உண்டு. என் கணவர் பேசி அனுப்பிய கேசட்டுகள் எல்லாம் அதில்தான். அண்ணனின் கேசட்டும் அன்றைக்கு என் பையோடு வந்து அந்த டின்னுக்குள் போனதாகத்தான் ஞாபகம். திறந்தால் நாற்பதுக்கு மேல் கிடக்கிறது. ஒன்றிலும் பெயரில்லை, எல்லாம் ஒரே ஜாதி கறுப்புக் கேசட். ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பழைய டேப்ரிக்கார்டரின் பெல்ட் தொய்ந்திருந்தது. கணவர் அதற்கு ஒரு வழி பண்ணிக் கொடுத்தார். ஏன் கொடுத்தோம் என்று அரை மணி நேரத்தில் ஆகிவிட்டது அவருக்கு. முதல் கேசட்டிலேயே இருபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர், "எனக்க பொன்னே, இஞ்ச சோறு தொண்டைல எறங்கல்ல, உனக்க நினப்புதான்" என்று உருகுகிறார். அறுபத்து மூன்று வயதுக்காரர் வாசலில் நின்று கேட்கிறார்.

"அத நிறுத்துட்டி. பக்கத்து வீட்டுல ஆளு இருக்கு."

"நீங்க பேசினதுதானே? இப்ப என்ன வெக்கம்?"

"சவத்த, நான் தோட்டத்துக்குப் போறேன்" என்று போனவர்தான், மூன்று நாளும் பகலில் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. ரப்பர் தோட்டத்தில் அப்படி என்ன வேலையோ. நான் விடவில்லை. கிணற்று மோட்டார், ரப்பர் ஷீட் விலை, அவருடைய அம்மாவோடு நான் சண்டை போடாமல் இருக்க வேண்டியதன் அவசியம் என்று எல்லாவற்றையும் மறுபடி கேட்டேன். சில இடத்தில் அழுதேன், சில இடத்தில் பழைய கோபம் வந்து அவர் தோட்டத்திலிருந்து திரும்பியதும் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு கேசட்டைப் போட்டேன்.

'ம்ம்ம்ஓஓஓ...'

"கிட்டியாச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் அடுக்களையில் பூனை பாத்திரத்தைத் தள்ளிவிட்டு ஓடியது.

கிடைத்தது சரி. ஆனால் அதே முனகல்தானே? இதையா அந்தப் பெண்ணின் கையில் கொடுப்பது? உன் அப்பா குரல் இதுதான் மக்ளே என்றா? பெல்ட் காரணமோ என்று அடுத்ததாகக் கணவர் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். அவர் சரியான வேகத்தில் உருகினார். அப்படியானால் கோளாறு டேப்ரிக்கார்டரில் இல்லை. மறுநாள் காலையிலேயே கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு மார்த்தாண்டத்துக்குப் போனேன்.

ஜங்ஷனிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு துணிக்கடையின் மாடியில் ஒலிப்பதிவு ஸ்டூடியோ வைத்திருக்கிறார் ஒருவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கிறிஸ்தவப் பாட்டுகள் எடுப்பார், கல்யாண வீடியோவுக்கு இசை சேர்ப்பார். என்னிடம் படித்தவர் இல்லை, ஆனாலும் டீச்சரே என்றுதான் கூப்பிடுவார். கேசட்டைப் போட்டு அரை நிமிடம் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திருப்பிப் போட்டார். எங்கள் அரபி ஓடியது. சட்டென்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"டீச்சரே, இது யாருக்க கேசட்டு?"

"ஏன், கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போறதா! இது நாலு டிராக் மெஷின்ல எடுத்ததாக்கும். நம்ம டேப்புல போட்டா இப்பிடித்தான் கேக்கும்."

எனக்கு மனசிலாகவில்லை. அவர் ஒரு தாளை எடுத்து நீளவாக்கில் நாலு கோடு போட்டுக் காட்டினார். சாதாரணக் கேசட்டில் இரண்டு கோடு இந்தப் பக்கத்துக்கு, இரண்டு கோடு மறுபக்கத்துக்கு. ஒன்று இப்படி ஓடும், மற்றது எதிர்ப்பக்கமாக ஓடும். ஆனால் அந்த மெஷின் நாலு கோட்டையும் ஒரே திசையில் சேர்த்து எடுக்கும். ஒரே ஆள் முதலில் தாளத்தை எடுக்கலாம், பிறகு அதைக் கேட்டுக்கொண்டே கிட்டார், பிறகு பாட்டு என்று ஒவ்வொன்றாக அடுக்கலாம். வேகமும் இரண்டு மடங்கு.

"அதனாலதான் இந்தப் பக்கம் பாதி வேகத்துல இழுக்குது. அந்தப் பக்கம் தலைகீழா ஓடுது. மனசிலாச்சா டீச்சரே?"

"அப்ப அது அரபி இல்லியா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அரபியா? நல்ல தமிழாக்கும்."

இரண்டு பக்கத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார். முதல் பக்கத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கினார். டொம்... டொம்... என்று இடித்தது டக்குடு டக்குடு என்று துள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கியது. தானாகத் தாளம் போடும் சின்ன ரிதம் பாக்ஸ் ஒன்றின் சத்தம் அது. அதற்குமேல் ஒரு குரல் வந்தது.

என் அம்மோ! கனத்த குரல்கூட இல்லை. மெலிந்து, கொஞ்சம் கூச்சப்பட்டு, ஆனால் சுருதியில் ஒரு நூல் பிசகாமல், நேராக வந்து காதில் விழுகிறது. பாட்டு எங்கள் ஊர்ப் பேச்சில் இருந்தது.

'குளத்துல தாமர பூத்திருக்கும்
எனக்கு லீவு இன்னும் கெடைக்கல்ல...'

நாங்கள் சினிமாப் பாட்டைத் தவிர வேறு பாடியதில்லை. மேடையில் வணக்கம் சொல்வதற்குக்கூடப் பேச்சை மாற்றிக்கொள்வோம், யாரும் கேலி பண்ணிவிடக் கூடாதே என்று. இந்த மனிதர் ஷார்ஜாவில் ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு 'கெடைக்கல்ல' என்று பாடியிருக்கிறார்! அதைக் கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! நான் நாற்காலியின் கையை அடித்து அடித்துச் சிரித்தேன். சந்தோஷத்தில் வந்த சிரிப்பு.

"இருங்க, இனியும் உண்டு" என்று ஸ்டூடியோக்காரர் மறுபக்கத்தையும் அதே வேகத்துக்கு ஏற்றி, பின்னாலிருந்து முன்னாலாகத் திருப்பி ஓடவிட்டார். ஒரு கோட்டில் பேஸும் கிட்டாரும் சேர்ந்திருந்தன. இன்னொன்றில் எங்கள் அரபி. அது அண்ணனே மேல் சுருதியில் பாடியிருந்த இரண்டாம் குரல். ஆனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஓடவிட்டால் ஒன்று முந்துகிறது, ஒன்று பிந்துகிறது. பழைய டேப் அங்கங்கே தொய்ந்திருந்தது. ஒவ்வொரு நாலு வரிக்கும் ஒருமுறை நிறுத்தி, மயிரிழை மயிரிழையாகத் தள்ளி வைத்தார். நான் பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போச்சு, பின்னால வா" என்று உயிரை வாங்கினேன். கீழேயிருந்து வந்த டீ ஆடை கட்டிப்போய்க் கிடந்தது. ஒரு கட்டத்தில் நாலும் சேர்ந்தது. ஒரு நொடிக்கு முன்னால்வரை தனித்தனியாகக் கிடந்த தாளமும் கிட்டாரும் இரண்டு குரலும் ஒரே அறையில் கூடி நின்று பாடின. நாலும் அண்ணனே.

"அடிபொளி!" என்று கத்திவிட்டு ஸ்டூடியோக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மொத்தம் ஐந்து பாட்டு. சாயங்காலம் ஆகிவிட்டது எல்லாம் முடிய. மூன்றாவது பாட்டில் எனக்கு அழுகை வந்தது. ஸ்டூடியோக்காரரிடம் சொல்லவில்லை, தூசி என்றேன். எனக்கு என்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்படிப் பாடத் தெரிந்த ஒருவரை முப்பது வருடம் இருட்டில் நிற்க வைத்திருக்கிறேன், அதுவும் ஒரு தமாஷுக்காக.

மறுநாள் கொட்டாரத்துக்குப் பறந்தேன். மகளுக்கு முந்தின நாளே போன் போட்டு, "நாளைக்கு லீவு போடு, காரணம் கேக்காத" என்று சொல்லிவிட்டேன். வாய் துறுதுறுத்தது, கடித்துக்கொண்டு இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

அண்ணன் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகள் ஸ்பீக்கரை மேசைமேல் வைத்து நான் கொடுத்த பென் டிரைவைச் செருகினாள். அண்ணன் 'என்ன' என்று கையால் கேட்டார். டக்குடு டக்குடு என்று ஆரம்பித்ததுமே பேப்பர் இறங்கியது. குரல் வந்தபோது அவர் முகம் இறுகிவிட்டது.

மகள் ஸ்பீக்கரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்பா? இது நீங்களா? மாமி, இது அப்பாவா?"

அண்ணன் கை நீட்டி ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். போனில் அடித்து என் பக்கம் நீட்டினார். "மறுபடியும் சிரிக்கவா கொண்டுவந்தே?"

நான் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னேன்.

"அண்ணே, நாங்க இதக் கேக்கவே இல்ல. சத்தியமா கேக்கல்ல. நீங்க அனுப்பினது நாலு டிராக்குல உள்ள கேசட்டு. வேன்ல போட்டா எருமை மாதிரி இழுத்துச்சு. மறுபக்கம் அரபின்னு நினைச்சோம். அதுக்காக்கும் சிரிச்சது. இந்தப் பாட்ட இல்ல. இந்தப் பாட்ட நான் நேத்துதான் மொதமொதல்ல கேட்டேன்."

அவர் கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்தார். பிறகு அடித்தார், வேகவேகமாக, எழுத்துப் பிழையோடு. ஊருக்கு அனுப்ப எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சாதா டேப்பில் ஓடுகிற மாதிரி வேறொரு கேசட்டில் எடுத்துத்தான் பொட்டலம் கட்டி வைத்தாராம். "ரூம்ல ஒருத்தனுக்கு வீட்டுக்கு லெட்டர் பேச கேசட்டு வேணும்ன்னு ஒரே அவசரம். அவன் அத உருவிட்டு, ஷெல்ப்புல கெடந்த இத வச்சிருப்பான். ரெண்டும் ஒரே கறுப்பு."

"அப்ப யாரோ ஒரு பொம்பளைக்கு, புருஷன் பேசி முடிச்ச பிறகு உங்க பாட்டு மிச்சம் கேட்டிருக்கும்!" என்றேன். மகள் சிரித்துவிட்டாள். அண்ணனின் தோளும் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று இப்போது தோளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பிறகு போனில் ஒரு வரி அடித்தார். என்னிடம் நீட்டாமல், மடியிலேயே வைத்துக்கொண்டு தயங்கினார். நான் எட்டிப் பார்த்தேன்.

"அப்ப பாட்டு மோசம் இல்லியா?"

அறுபத்தைந்து வயது மனிதர் கேட்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்ல அண்ணே. ரொம்ப நல்ல பாட்டு அண்ணே" என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகள் எழுந்து ஸ்பீக்கரை மறுபடி போட்டாள், முதலிலிருந்து.

தாளம் ஓடியது. குரல் தொடங்கிய இடத்தில் அண்ணனின் உதடு அசைந்தது. ஒரு எழுத்து முந்தவில்லை, ஒரு எழுத்து பிந்தவில்லை. எல்லா வரியும் ஞாபகம் இருந்தது அவருக்கு. மகள் தன் நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். ஐந்து பாட்டும் முடிகிறவரை அவள் அப்பாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஸ்பீக்கர் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.